வாயில்லாத பெட்டி

என் மாமியாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டோடு நின்றுவிடுவேன். யாரையும் ஏமாற்ற மாட்டாள். ஒரு நாளும் சும்மா உட்கார மாட்டாள். மூன்றாவதுக்கு யோசிக்க வேண்டும், அவளுக்காக உட்கார்ந்து யோசிக்கும் அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. நேரில் 'அத்தை, நீங்க' என்றுதான் பேசுகிறேன். எழுதும்போதாவது 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேனே, அந்த ஒரு சுகத்தை யாரும் கெடுக்க வேண்டாம்.

தெருவில் அவளுக்குப் பெயர் கீறலம்மா. வீடியோ கேம் வாடகைக்கு விடுகிற கடை அவளுடையது. கடையைத் தொடங்கிய கதையை அவள் வாயால் நான் கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். மாமனார் டிவி ரிப்பேர் பார்த்தவர். திடீரென்று ஒருநாள் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் மிச்சமிருந்தவை ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்கிப் போகாத டிவிகள். அழுது முடித்த கையோடு அவள் அந்த டிவிகளைத் துடைத்து, வரிசையாக அடுக்கி, ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டு, கேம் பெட்டிகளை மாட்டி, மணிக்கு இவ்வளவு என்று வாசலில் எழுதி வைத்தாள். பிறகு கேசட்டுகளை வீட்டுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். கேசட் போய் சிடி வந்தபோது சிடியைக் கொடுத்தாள். இத்தனைக்கும் ஒரு கேமைக்கூட அவள் விளையாடிப் பார்த்ததில்லை. அதில் என்ன இருக்கிறது, மனிதன் குதிக்கிறானா கார் ஓட்டுகிறானா என்பதெல்லாம் அவளுக்கு வேண்டாத சங்கதி.

அவளுக்குத் தெரிந்தது சிடியின் முதுகு. வாடகைக்குப் போன சிடி திரும்பி வந்தால், நடுவிரலை ஓட்டையில் விட்டு, கட்டைவிரலை விளிம்பில் வைத்து, டியூப் லைட்டுக்குக் கீழே மெதுவாகச் சாய்ப்பாள். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. பிறகு, "இது போகும்போது இல்ல" என்பாள். எந்தக் கீறல் போகும்போதே இருந்தது, எது புதுசு என்பதை எங்கும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை, எல்லாம் தலைக்குள்தான். சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர், ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. அட்வான்ஸில் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுப்பாள். அதற்காக வயிற்றெரிச்சலில் யாரோ வைத்த பெயர்தான் கீறலம்மா.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய சிடியை விற்கும்போதும் அதே விளக்குக்குக் கீழேதான் சாய்ப்பாள். வாங்குகிறவன் கவனிக்காத கீறலை அவளே விரல் வைத்துக் காட்டுவாள். "இங்க ஒண்ணு இருக்கு, பாத்துக்க. ஓடும். ஆனா இருக்கு." காட்டிவிட்டு விலையைக் குறைத்துக்கொள்வாள். வியாபாரத்தில் இதெல்லாம் தேவையா என்று மகன் கேட்டால், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே எங்களுக்குள் பற்றிக்கொண்டது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவள் வந்தாள், ஒரு தட்டை எடுத்தாள், சமையலறை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை. "பிசுக்கு இருக்கு" என்று தொட்டியில் திரும்பப் போட்டாள். புது மருமகள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான், "அத்தை, அது தட்டு, சிடி இல்ல" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு தட்டும் விளக்குக்குக் கீழே போய்த்தான் அலமாரிக்குப் போகிறது. அவள் கழுவிய தட்டில் நான் ஒருமுறை சோப்பு நுரை காட்டினேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். நுரை இருந்தால் நாற்றம் போகும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் நல்லவர். எங்கள் வீட்டில் நல்லவர் என்பது ஒரு வேலையும் செய்யத் தேவையில்லாத பதவி. கடையில் அம்மாவுக்குத் துணையாக இருப்பார், வீட்டில் எனக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு பக்கமும் இடி வாங்கும்போது மத்தளமாவது சத்தம் போடும், இவர் அதுவும் போட மாட்டார்.

கடைக்கு முதல் அடி ஒரு டப்பாவில் வந்தது. மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு கொண்டுவருகிற விற்பனைக்காரர், புதுக் கேம் என்று பளபளப்பான டப்பாக்களை மேஜையில் அடுக்கினார். அவள் வழக்கம்போல் ஒன்றைத் திறந்து விரலை உள்ளே விட்டாள். சிடி இருக்க வேண்டிய குழியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி. டப்பாவைக் கவிழ்த்து உதறினாள். ஒன்றும் விழவில்லை.

விற்பனைக்காரர் பொறுமையாக விளக்கினார். இனிமேல் இப்படித்தான், அந்த எண்ணைப் பெட்டியில் அடித்தால் கேம் நெட்டிலிருந்து தானாக இறங்கிவிடும், ஒரு எண்ணை ஒருமுறைதான் அடிக்க முடியும். ஒருமுறைதான் என்றால் வாடகைக்கு எப்படி விடுவது என்று அவள் கேட்டாள். விட முடியாது என்றார் அவர். திரும்ப விற்பதும் முடியாது என்றார். அவள் டப்பாவை மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினாள்.

"உள்ள ஒண்ணும் இல்லாததுக்கு மூடி எதுக்குய்யா?" என்று கேட்டு, அத்தனையையும் அவர் வண்டியிலேயே ஏற்றச் சொன்னாள். அதில் ஒரு டப்பா நடுரோட்டில் விழுந்தது. தானாக விழவில்லை என்று பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் இன்னமும் சத்தியம் செய்கிறார்.

கொஞ்ச காலத்தில் அந்தச் சீட்டு வைத்த டப்பாவும் நின்றது. அடுத்து வந்த கேம் பெட்டியில் சிடி போடுகிற இடமே கிடையாது. அதைக் கொண்டுவந்து காட்டியது ஒரு பழைய வாடிக்கையாளர். அவள் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் புரட்டினாள். அடியில் பார்த்தாள். மூலையைத் தட்டினாள். அவ்வளவு நேரம் அவள் தேடி எதையும் கண்டுபிடிக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன்.

"இதுக்கு வாய் எங்க?" என்றாள்.

வாய் கிடையாது, எல்லாம் காற்றிலேயே வரும் என்றார் வாடிக்கையாளர். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முன்னாலேயே சிரித்தேன்.

அந்த வருடம் கடையில் ஈ ஓட்டினார்கள். வீட்டுச் செலவு இழுத்துப் பிடிக்க, நான் வேலை தேடினேன். கிடைத்த வேலைதான் வேடிக்கை. கேம்களை நெட்டில் மட்டும் விற்கிற ஒரு பெரிய கம்பெனி, வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்ல ஆள் எடுத்தது. எங்கள் மொழியில் பேச அந்த ஆபீஸில் மொத்தமே நாலைந்து பேர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரில் திரையில் ஓடுகிற வாசகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்பதை முப்பது விதமாகச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லா விதத்திலும் முதலில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

சேதி கேட்டதும் அவள் வைத்த பெயர் கோடாலிக்காம்பு. சொந்த மரத்தையே வெட்ட உதவுகிறவள் என்று அர்த்தம். என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், சுவரைப் பார்த்துச் சொல்வாள். "கோடாலிக்காம்பு வேலைக்குக் கெளம்பியாச்சா?" "கோடாலிக்காம்புக்குச் சம்பளம் வந்தாச்சா?" அந்தச் சம்பளத்தில் வாங்கி வந்த பழத்தை நீட்டினால் மட்டும் சுவரைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, எதிர்க்கடையை இன்னும் பெரிதாகக் கட்டிக்கொடுத்திருப்பேன்.

ஆனால் அவள் சும்மா உட்கார மாட்டாள் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா. ஒருநாள் மகனைக் கூப்பிட்டு, அந்தக் காற்றுக் கடையில் தன் பெயரில் ஒரு அக்கவுண்ட் திறக்கச் சொன்னாள். என் கம்பெனியில்தான். இருந்த சிடி எல்லாவற்றையும், பழசைச் சேர்த்து வைக்கிற ஒருவரிடம் மொத்தமாக விற்றாள். அவர் வேனோடு வந்து அப்படியே அள்ளிக்கொண்டு போகத் தயாராக இருந்தார். அவள் விடவில்லை. ஒவ்வொரு சிடியையும் விளக்குக்குக் கீழே சாய்த்து, கீறலைக் காட்டிக் காட்டிக் கொடுத்தாள். போதும் தாயே என்று அந்த மனிதர் கும்பிட்டும் பார்த்தார், ஒரு முழுநாள் ஓடியது. வந்த பணம் முழுவதையும் அந்த அக்கவுண்டில் கேமாக வாங்கிப் போட்டாள். அலமாரிகள் காலி. கடை என்று இருந்தது எல்லாம் அந்த ஒரு பெயருக்கும் ஒரு பாஸ்வேர்டுக்கும் பின்னால் போய்விட்டது.

பிறகு அவள் செய்ததை வேறு எவளும் செய்திருக்க மாட்டாள். காற்றில் வருகிற கேமையும் சிடி மாதிரியே வாடகைக்கு விட்டாள். வேண்டியவன் தன் கேம் பெட்டியைப் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கி வர வேண்டும். அவள் அதைக் கடை டிவியில் மாட்டி, எல்லோரையும் சுவர்ப் பக்கம் திரும்பச் சொல்லி, பாஸ்வேர்டை அடிப்பாள். கேம் இறங்கியதும் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பாள். வாடகை நாள் முடிந்ததும் அவன் மறுபடி பெட்டியோடு வர வேண்டும். அவள் தன் அக்கவுண்டை அதிலிருந்து எடுத்துவிட்டு, காத்திருக்கிற அடுத்தவன் பெட்டியில் போடுவாள். முன்பு சிடியை எடுத்துக்கொண்டு போனோம், இப்போது வீட்டையே பெயர்த்துக்கொண்டு வருகிறோம் என்று தெருவே புலம்பியது. புலம்பிக்கொண்டே வந்தது, ஏனென்றால் ஒரு கேமை முழு விலை கொடுத்து வாங்க அங்கே பலருக்கு வசதி இல்லை. கடை மறுபடி நிமிர்ந்தது. திரும்பி வருகிற பெட்டியையும் அவள் விளக்குக்குக் கீழே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பாள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

இது விதிக்கு விரோதம் என்று எனக்குத் தெரியும். தினமும் இதைச் சொல்லித்தானே சம்பளம் வாங்குகிறேன். ஒரே ஒருமுறை அவளிடம் சொன்னேன். அக்கவுண்டை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது, கண்டுபிடித்தால் மொத்தமாகப் பூட்டிவிடுவார்கள் என்றேன்.

"நான் காசு குடுத்து வாங்கினது. யாருக்கு வேணா குடுப்பேன்."

"வாங்கல அத்தை. அவங்க விக்கிறது இல்ல, விளையாடிக்கன்னு அனுமதி குடுக்கிறாங்க, அவ்வளவுதான்."

"பொத்தான்ல 'வாங்கு'ன்னுதான போட்டிருக்கு?"

அப்படித்தான் போட்டிருந்தது.

"கெணத்த வித்தேன், தண்ணிய விக்கலன்னு சொன்னானாம் ஒருத்தன். உங்க முதலாளி அவனுக்குப் பேரன் போல" என்றாள் அவள்.

இதுதான் எனக்குப் பிடிக்காதது. அவள் சொல்வது நியாயமாக இருக்கும்போது அவளை இன்னும் அதிகமாக வெறுக்க வேண்டியிருக்கிறது. கம்பெனியில் எங்களுக்குக் கொடுத்த முப்பது பதிலிலும் அதற்குப் பதில் இல்லை. எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து ஒரு கேம் காணாமல் போனது. கம்பெனி ஏதோ உரிமைத் தகராறில் அதைத் தன் காற்றுக் கடையிலிருந்தே எடுத்துவிட, வாங்கியவர்கள் அக்கவுண்டிலிருந்தும் போய்விட்டது. அவள் வாசல் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். "பூட்டு பூட்டினபடி இருக்கு, சாமான மட்டும் காணோம்" என்று செருப்புக்கடைக்காரரிடம் சொன்னாள். அவர் போலீசுக்குப் போகலாமா என்று கேட்டார். எந்தத் திருடனைக் காட்டுவது என்று இருவரும் யோசித்தார்கள்.

கடைசியில் நான் சொன்னதுதான் நடந்தது. ஒரே பெண்மணியின் அக்கவுண்ட் வாரத்துக்கு வாரம் வேறு வேறு பெட்டிகளில் ஏறி இறங்குவதை கம்பெனியில் இருந்த ஏதோ ஒரு இயந்திரம் கவனித்துப் பூட்டிவிட்டது. பெட்டியோடு வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவள் பாஸ்வேர்டை அடித்தாள். திரை மறுத்தது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தாள். மறுபடி மறுத்தது. ஏதாவது ஆட்சேபம் இருந்தால் குறிப்பிட்ட நாளுக்குள் போனில் சொல்லலாம், இல்லாவிட்டால் நிரந்தரமாக மூடப்படும் என்று ஒரு வாசகம் வந்தது.

அன்று மாலை நான் வீட்டில் காத்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசையாகக் காத்திருந்தேன். கடை முழுவதும் அந்த அக்கவுண்டில் இருக்கிறது. அது போனால் அவளுக்கு மேஜையும் டியூப் லைட்டும்தான் மிச்சம். அவள் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். கேட்கட்டும், ஒருமுறை சுவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும், பிறகு உதவுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம் என்று இருந்தேன். அவள் சாப்பிட்டாள், தட்டுகளைச் சாய்த்துப் பார்த்தாள், படுக்கப் போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் என் காதில் அழைப்பு விழுந்தது. வணக்கம் சொல்லி, எப்படி உதவட்டும் என்று திரையில் இருந்ததைப் படித்தேன். எதிர்முனையில் யாரும் பேசவில்லை. ஒரு மின்விசிறி மட்டும் சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"என் அக்கவுண்ட பூட்டிட்டாங்க" என்றாள் அவள். "அதப் பத்திப் பேசணும்."

என் குரல் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. சொந்தக்காரர் அழைப்பு வந்தால் உடனே வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மீறினால் வேலை போய்விடும். பேசுவதெல்லாம் பதிவாகிறது. என் விரல் மாற்றுகிற பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. "சொல்லுங்க மேடம்" என்றேன்.

அடையாளம் சரிபார்க்க வேண்டும். பிறந்த தேதி கேட்டேன். சொன்னாள். இத்தனை வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அது எனக்குத் தெரியாது. அக்கவுண்ட் திறந்தபோது கொடுத்திருந்த ரகசியக் கேள்வி திரையில் வந்தது. "நீங்க முதல்ல பார்த்த வேலை என்னன்னு சொல்ல முடியுமா?"

"பாட்டில் கழுவுற வேலை" என்றாள். "கம்பெனில. கழுவி, ஒவ்வொண்ணா வெளக்குல காட்டி, விரிசல் இருக்கான்னு பாக்கணும். ஒரு விரிசல் தப்பிப் போனா கூலியப் பிடிப்பாங்க. அப்ப நான் சின்னப்பொண்ணு."

பாட்டில் கழுவுதல் என்பது வரைக்கும்தான் திரையில் இருந்தது. மிச்சத்தை அவளாகச் சொன்னாள். தட்டைச் சாய்த்துப் பார்க்கிற வித்தையை என்னைக் கொல்வதற்கென்றே கற்றுக்கொண்டாள் என்று நினைத்திருந்தேன். விவரம் சரியாக இருக்கிறது மேடம், நன்றி என்று படித்தேன்.

அடுத்த கேள்விதான் எல்லாம். அக்கவுண்டைக் குடும்பத்தினர் தவிர வேறு யாருக்காவது பயன்படுத்தக் கொடுத்தீர்களா? இல்லை என்றால் எச்சரிக்கையோடு நான் திறந்துவிடலாம். ஆம் என்றால் நிரந்தரமாக மூட வேண்டும். திரையில் இரண்டு கட்டம், நடுவில் வேறு எதுவும் கிடையாது. எத்தனையோ பேர் கூசாமல் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள், நானும் கூசாமல் திறந்துவிட்டிருக்கிறேன். அவளைப் பிடிக்காவிட்டாலும் அந்தக் கடை மூடுவதை என் விரலால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேள்வியைத் திரையில் இருந்தபடி படிக்காமல், மாற்றிக் கேட்டேன்.

"வீட்டு ஆளுங்க மட்டும்தான யூஸ் பண்ணாங்க மேடம்? ஆமான்னு சொன்னா போதும்."

மின்விசிறி டக் டக் என்றது.

"இல்லம்மா. வாடகைக்கு விட்டேன்."

"மேடம், கேள்வி சரியா கேட்டுச்சுங்களா? சொந்தக்காரங்க, வீட்டுக்கு வந்து போறவங்க, அப்படி யாராவது..."

"காது நல்லா கேக்குது. காசு குடுத்து வாங்கினேன், வாடகைக்கு விட்டேன். ஊர்ல எல்லாருக்கும் விட்டேன். எழுதிக்கங்க."

ஓடும், ஆனா இருக்கு என்று கீறலில் விரல் வைக்கிற அதே குரல். எனக்கு அவளை அந்தப் போனுக்குள்ளேயே பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. திரைக் கேள்விக்கு 'ஆம்' என்ற கட்டத்தை அழுத்தினேன். தங்கள் அக்கவுண்ட் நிரந்தரமாக மூடப்படுகிறது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று படித்தேன். கடைசியாக ஒரு வாசகம் உண்டு, அதைச் சொல்லாமல் அழைப்பை முடிக்கக் கூடாது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். என் மாமியார் என்னை 'நீங்க' என்று சொன்னது அன்று ஒருநாள்தான். சூப்பர்வைசர் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, பொறுமையாகப் பேசினீர்கள் என்று பாராட்டினார். கேள்வியை மாற்றிக் கேட்டதற்கு மட்டும் வாயால் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். அக்கவுண்ட் மூடிவிட்டதால் மேற்கொண்டு யாரும் தோண்டவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் மகனைப் பார்த்துச் சொன்னாள், "இன்னைக்கு ஒருத்தி போன்ல பேசினா. வாய்க்கு வாய் மேடம் மேடம்னு என்ன மரியாதை. வீட்ல இருக்கறவங்களும் கத்துக்கலாம்."

அவருக்குப் புரையேறியது. நான் விடவில்லை. "சம்பளம் குடுத்தா மரியாதையா பேசுவாங்க அத்தை" என்றேன். கடை மூடிய துக்கம் அந்த வீட்டில் அவ்வளவுதான் அனுசரிக்கப்பட்டது.

அறைக்குள் வந்த பிறகு அவரிடம் சீறினேன். ஒரு 'ஆமா' சொல்லியிருந்தால் கடை பிழைத்திருக்கும், அந்த அம்மாவுக்குத் திமிர், தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் திமிர் என்றேன். அவர் கட்டில் விளிம்பைத் தடவினார். பிறகு, முந்தின நாள் கடையில் அம்மா தன்னிடம் இரண்டு விஷயம் கேட்டதாகச் சொன்னார். அந்த நம்பருக்கு அடித்தால் நான் எடுப்பேனா என்று கேட்டாளாம். எடுக்கலாம் என்று சொன்னாராம். நானே திறந்துவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்டாளாம்.

"நான்தான் சொன்னேன். சொந்தக்காரங்களுக்குத் திறந்து விட்டது தெரிஞ்சா வேலை போயிடும்னு சொன்னேன்" என்றார் அவர். "அம்மா சரின்னுட்டாங்க."

கடை போய்விட்டது. இனி இந்த வீடு என் சம்பளத்தில்தான் ஓட வேண்டும். அதைக் கணக்குப் போட்டுத்தான் அவள் போனை எடுத்திருக்கிறாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆத்திர அழுகைதான். இவ்வளவு காலம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த என் வெறுப்பை அவள் ஒரே போனில் செல்லாததாக ஆக்கிவிட்டாள். எனக்கு அவளிடம் கடன்பட இஷ்டமில்லை.

காலையில் நான் பாத்திரம் கழுவும்போது அவள் வந்தாள். கடைக்குப் போக வேண்டிய அவசரம் இனி இல்லாததால் நிதானமாக வந்தாள். அலமாரிப் பக்கம் நின்று முதல் தட்டை எடுத்தாள்.

"வீட்டு ஆளுங்கன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தை?" என்றேன். முதுகைத் திருப்பாமல்தான் கேட்டேன்.

"சொல்லியிருந்தா?"

"கடை இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். நீ தொறந்து விட்ட கடை. காலத்துக்கும் அதச் சொல்லிக்காட்டியே என்னக் கொன்னிருப்ப."

"என் வேலை போயிடும்னுதான் சொல்லலையாமே. அவர் சொன்னார்."

அவள் கையில் இருந்த தட்டு விளக்குக்குக் கீழே சாய்ந்தது. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை.

"அவன் கெடக்குறான். கோடாலிக்காம்புக்காக நான் எதுக்குக் கடைய விடணும்? உன்கிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு இருந்தேன், ஒரு பொய்யக்கூட. அவ்வளவுதான்." தட்டை என் பக்கம் நீட்டினாள். "இதுல பிசுக்கு இருக்கு. திரும்பக் கழுவு."

அவள் போன பிறகு அந்தத் தட்டை நானே விளக்குக்குக் கீழே பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பிசுக்கு எதுவும் இல்லை. திரும்பக் கழுவினேன்.